தீயணைக்கும் தொண்டர் படைகள் – ஒரு வரலாற்று நோக்கு

2023ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகல். நம் சந்தாபுராவிலிருந்து ஓசூர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்திப்பள்ளியில், ஒரு பட்டாசுக் கிடங்கின் முன் லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பற்றியது. அன்றே பதினான்கு உயிர்கள் மாண்டன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோருள்ளும் சிலர் பின்னர் இறந்தனர். மாண்டவர் யாவர்? தருமபுரி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களிலிருந்து தீபாவளிக்கு முன் நாலு காசு சேர்க்கலாம் என்று வந்த நம் பிள்ளைகள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோரும் அவர்களுள் இருந்தனர். நாம் இங்கு வந்ததும் பிழைப்பை நாடித்தானே! அவ்வழியிலேயே, நம் வாசலைக் கடந்து சென்ற அப்பிள்ளைகள், ஊர் திரும்பவில்லை.

அக்காட்சி அன்று மாலைக்குள் நம் காலனியில் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்துவிட்டது. பார்த்தோம், பெருமூச்செறிந்தோம், பிறருக்கும் அனுப்பினோம். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். வெடிமருந்துத் தீயின் முன் பயிற்சியில்லாதவன் ஒன்றும் செய்ய முடியாது என்பது உண்மையே. எனினும் அன்றிரவு நம்மை உறுத்திய வினா வேறு. தீ அணைப்பதும் இடிபாட்டில் சிக்கியவரை மீட்பதும் சம்பளம் பெறுவோர் வேலை, நமக்கு அதில் பங்கில்லை என்னும் எண்ணம் நமக்கு எப்போது வந்தது? உலகெங்கும் அவ்வாறுதானா? இவ்வினாவுக்கு விடை தேடிச் சில நூல்களைப் புரட்டினோம். கண்டவற்றைச் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு எழுதித் தருமாறு செயலாளர் கேட்டுக்கொண்டதன் விளைவே இக்கட்டுரை.

நம் சிற்றூர்களில் தீயணைப்பு ஊரார் தொழிலாகவே இருந்துவந்தது. கூரை வீடு பற்றிக்கொண்டால் யாரும் யாரையும் அழைக்கக் காத்திருந்ததில்லை. கிணற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் குடங்கள் கைமாறி வரும். சிலர் ஈரச் சாக்கால் அடிப்பர். சிலர் மண்ணை வாரி இறைப்பர். கூரை வேயத் தெரிந்தவர் அரிவாளோடு அடுத்த வீட்டின் மேல் ஏறி அதன் கூரையைப் பிரித்துத் தள்ளுவர். எரியும் வீட்டைக் கைவிட்டு எரியாத வீட்டைப் பிரிப்பதில் உள்ள அறிவு பெரிது. தீ பரவும் வழியை அறுப்பதே தலையாய வேலை என்பதை ஏட்டுக் கல்வியில்லாத அம்மக்கள் அறிந்திருந்தனர். சிலப்பதிகாரம் மதுரை எரிந்ததை விரித்துரைக்கிறது. எரிந்த தெருக்களில் குடம் சுமந்தவர் யாவர் என்பதைப் பற்றிக் கேட்க நமக்குத் தோன்றுவதே இல்லை.

நகரத்தில் அப்பழக்கம் அறுந்துபோயிற்று. ரயில் நிலையத்துப் பிளாட்பாரங்களில் சிவப்பு வண்ணம் பூசிய மணல் வாளிகள் வரிசையாகத் தொங்குவதை அனைவரும் கண்டிருப்பர். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதற்காகவே அவை கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகின்றன. இத்தனை ஆண்டு ரயில்வே எழுத்தர் உத்தியோகத்தில் அவற்றுள் நாம் மிகுதியாகக் கண்டது பீடித் துண்டும் வெற்றிலைச் சாறுமே.

இனி உலக வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

பழைய ரோமாபுரியில், கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டில், கிராசஸ் என்னும் செல்வர் ஒருவர் இருந்தார். தீப்பற்றிய வீட்டையும் அதன் அருகிலுள்ள வீடுகளையும், உடையவர் அஞ்சி நடுங்கும் நேரம் பார்த்து, அடிமாட்டு விலைக்கு வாங்கிப் பெரும் பொருள் சேர்த்தார் என்று புளூட்டார்க் என்னும் ஆசிரியர் எழுதியுள்ளார். தீயிலும் ஆதாயம் காண்பவர் எக்காலத்தும் உண்டு போலும். பின்னர் கி.பி. 6ஆம் ஆண்டில் அகஸ்டஸ் பேரரசர் நகருக்கென ஒரு காவற்படையை நிறுவினார். அதில் ஏழு பிரிவுகள். ஒவ்வொன்றும் நகரின் இரண்டு வட்டாரங்களைக் காத்தது. இரவெல்லாம் தெருக்களில் சுற்றித் தீயைக் கண்டால் அணைப்பது அதன் கடமை. இப்படையினர் பெரும்பாலும் அடிமைத் தளையிலிருந்து விடுபட்டவர்கள். முழுக் குடியுரிமை இல்லாதவர்கள். கி.பி. 24இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, ஆறாண்டு இப்பணி செய்தவர்க்கு ரோமானியக் குடியுரிமை வழங்கப்பட்டது. ஊரின் தீயை அணைத்தவன் ஊரானானான்! இதனை வாசகர் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் பயன்படும்.

அதே பேரரசில் சுமார் நூறாண்டுக்குப்பின் நடந்த ஒரு கடிதப் போக்குவரத்து இன்னும் சுவையானது. இன்றைய துருக்கி நாட்டில் நிக்கோமீடியா என்றோர் ஊர். அங்குப் பெருந்தீ மூண்டு பல வீடுகளும் பொதுக் கட்டடங்களும் அழிந்தன. அம்மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். ஊரில் ஒரு வாளியோ பம்போ இல்லை என்றும், மக்கள் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தனர் என்றும் வருந்தினார். கைவினைஞர் நூற்றைம்பது பேரைக் கொண்டு ஒரு தீயணைப்புச் சங்கம் அமைக்க அனுமதி கேட்டார். தீயணைப்பைத் தவிர வேறெதற்கும் அச்சங்கம் கூடாதவாறு தாமே கண்காணிப்பதாகவும் உறுதி கூறினார். டிராஜன் மறுத்துவிட்டார். எப்பெயர் வைத்துத் தொடங்கினாலும் ஆட்கள் கூடும் சங்கம் அரசியற் சங்கமாகிவிடும். கருவிகளை வாங்கி வை, வீட்டுக்காரரும் கூட்டத்தாரும் பயன்படுத்தட்டும், அதுவே போதும் என்பது அவர் விடையின் சாரம். குடிமக்கள் கூடித் தம்மைத் தாமே காத்துக்கொள்வதில் அரசுகளுக்குள்ள ஐயம் இவ்வளவு பழமையானது. கருவி மட்டும் இருந்து, அதை எடுக்கப் பழகிய கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் மேலே சொன்ன மணல் வாளியே சான்று.

ஜப்பானின் கதை வேறு. இன்று தோக்கியோ என வழங்கும் எதோ நகரில் 1657இல் மூண்ட தீ நகரின் பெரும் பகுதியை அழித்தது. இறந்தோர் ஒரு லட்சம் என்பர். மரமும் காகிதமுமான வீடுகள், காற்றோ பேய்க்காற்று. 1720ஆம் ஆண்டை ஒட்டி நகர நீதிபதி ஓஓக்கா தடசுகே, தெருமக்களைக் கொண்டே தீயணைப்புக் குழுக்களை ஒழுங்குபடுத்தினார். ஜப்பானிய நெடுங்கணக்கின் எழுத்துகளே குழுக்களின் பெயர்களாயின. கட்டடச் சாரத்தில் ஏறிப் பழகிய தொழிலாளர்கள் இக்குழுக்களில் மிகுதி. நீரால் அணைப்பதைவிடக் கொக்கியால் அடுத்த வீட்டை இழுத்துச் சாய்ப்பதே அவர்கள் முறை. நம் ஊர்க் கூரை பிரிப்போரும் எதோ நகரத்தாரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பாடத்தைக் கற்றிருந்தனர். அக்குழுக்களின் வழிவந்ததே இன்று அந்நாட்டில் ஊர்தோறும் உள்ள தொண்டர் தீயணைப்புக் குழு. கடைக்காரரும் உழவரும் அலுவலரும் அதில் உறுப்பினர். 2011 மார்ச்சு 11இல் கடற்கோள் வந்தபோது, வெள்ளக் கதவுகளை மூடவும் முதியோரைக் குன்றுக்கு ஏற்றவும் கரையிலேயே நின்றவர்களுள் இத்தொண்டர்கள் பலர். அப்பேரிடரில் அவர்களுள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர்.

ஐரோப்பாவில் இலண்டன் 1666இல் எரிந்தது. ஒரு ரொட்டிக்கடையில் பிறந்த தீ நான்கு நாளில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை உண்டது. அதன் விளைவாகத் தீக்காப்பீட்டுக் கம்பெனிகள் தோன்றித் தத்தமக்கெனத் தீயணைப்போரை வைத்துக்கொண்டன. காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் கம்பெனியின் உலோகச் சின்னம் பதிக்கப்பட்டது. இது காசு கொடுத்தவர்க்கான காவல், தொண்டு அன்று. தொண்டு என்ற சொல்லுக்குப் பொருந்துவது அமெரிக்காவில் பென்சமின் பிராங்கிளின் 1736 டிசம்பர் 7இல் பிலடெல்பியா நகரில் தொடங்கிய யூனியன் தீயணைப்புக் கம்பெனியே. இப்பிராங்கிளின் அவ்வூரார் அல்லர். பாஸ்டனிலிருந்து பதினேழு வயதில் பிழைப்புக்கென வந்து இறங்கியவர். சுமார் முப்பது பேர் சேர்ந்தனர். ஒவ்வோர் உறுப்பினரும் தோல் வாளிகளும், பொருள்களை அள்ளிவர உறுதியான பைகளும் கூடைகளும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூட்டம். வராதவர்க்குச் சிறு அபராதம். அவ்வபராதப் பணத்திலேயே பம்பும் ஏணியும் கொக்கியும் வாங்கினர் என்று அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். நம் சங்கக் கூட்டங்களுக்கு வருவோர் தொகையை எண்ணிப் பார்க்கையில் இவ்வபராத முறை நம் பொருளாளரின் கவனத்துக்கு உரியதெனத் தோன்றுகிறது. மேலும் பலர் சேர விரும்பியபோது, இதில் இடமில்லை, நீங்களே இன்னொரு கம்பெனி தொடங்குங்கள் என்று அவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. அவ்வாறே கம்பெனிக்கு மேல் கம்பெனி பெருகியது. இன்றும் அமெரிக்க ஐக்கிய நாட்டில் தீயணைப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் தொண்டர்களே.

ஜெர்மனியில் டூர்லாக் என்னும் சிற்றூரில் 1846இல் ஒரு தொண்டர் படை அமைந்தது. மறு ஆண்டு பிப்ரவரி 28இல் அருகிலுள்ள கார்ல்சுரூஹ நகரின் அரச நாடக அரங்கு தீப்பற்றி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். டூர்லாக் படையினர் தம் கைப்பம்போடு விரைந்து வந்து, கூச்சல் குழப்பமின்றி, ஒரே தலைவரின் ஆணைக்கு அடங்கி வேலை செய்த முறை நாடெங்கும் பேசப்பட்டது. கூட்டம் வேறு, படை வேறு என்பதை அன்று மக்கள் கண்டனர். இன்று ஜெர்மனியில் சுமார் பத்து லட்சம் பேர் தொண்டர் தீயணைப்புப் படைகளில் உள்ளனர். சம்பளப் படை வைத்திருக்கும் நகரங்கள் நூற்றுச் சொச்சமே. கைத்தொழில் வல்ல நாடு, செல்வ நாடு. பணமில்லாமலா தொண்டரை நம்பியிருக்கிறது?

இவை எல்லாவற்றினும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது தென் அமெரிக்காவின் சிலி நாட்டுச் செய்தி. அதைச் சற்று விரிவாகவே கூறுவோம்.

வால்பரைசோ என்பது பசிபிக் கடற்கரையில் உள்ள ஒரு துறைமுகம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கப்பலேறி வந்த பல நாட்டு வணிகரும் தொழிலாளரும் அங்குக் குடியேறினர். தத்தம் மொழி, தத்தம் கோயில், தத்தம் சங்கம் என்று வாழ்ந்தனர். நாம் இங்கு வாழ்வதைப் போலவே என்று கூறலாம். 1850 டிசம்பரில் அவ்வூரில் ஒரு பெருந்தீ. அதன்பின் 1851 ஜூன் 30இல் தொண்டர் தீயணைப்புப் படை தொடங்கப்பட்டது. ஜெர்மானியர் தமக்கென ஒரு பிரிவு அமைத்தனர். பின்னர் பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், இசுபானியர் ஆகியோரும் அமைத்தனர். ஆங்கிலேயர் பிரிவொன்று 1901இல் சேர்ந்தது. ஒவ்வொரு பிரிவினரும் தம் பணத்தில் பம்பு வாங்கினர். தம் நாட்டு முறையில் சீருடை தைத்தனர். தம் தாய்மொழியிலேயே ஆணை பிறப்பித்தனர். ஆனால் மணி அடித்தால் யார் வீடு என்று கேட்பதில்லை. அங்கே இத்தாலியர் ஏணி வைக்க, ஜெர்மானியர் நீர் பாய்ச்சினர்.

இதில் நாம் காண்பது யாதெனின், அவர்கள் தம் மொழியையும் விடவில்லை, வந்த ஊரையும் வேற்றூர் என்று ஒதுக்கவில்லை. மொழியைக் காப்பதும் ஊரைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர்கள் கருதவில்லை. தலைமுறைகள் கடந்தபின் அவர்தம் பேரப்பிள்ளைகள் சிலி நாட்டாராகவே ஆயினர். அப்பிரிவுகளோ பழைய பெயர்களுடன் இன்றும் பணிபுரிகின்றன.

1863 டிசம்பர் 8இல் அந்நாட்டுத் தலைநகர் சாந்தியாகோவில், திருவிழா நாளன்று, ஒரு மாதா கோயிலில் விளக்கிலிருந்து தீப்பற்றியது. உள்ளே நெருங்கி நின்றோருள் பெரும்பாலோர் பெண்கள். அகன்ற பாவாடைகள், நெரிசல், கதவை நோக்கி ஓடியவர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வழி அடைபட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மூன்று நாள் கழித்து ஹோசே லூயிசு கிளாரோ என்பவர் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தீயணைப்புப் படை அமைக்க விரும்பும் இளைஞர்கள் இன்ன நாளில் இன்ன இடத்தில் கூடவும் என்பதே செய்தி. டிசம்பர் 20இல், அதாவது கோயில் எரிந்த பன்னிரண்டாம் நாள், படை முறைப்படி தொடங்கிவிட்டது. பன்னிரண்டே நாள்! அத்திப்பள்ளி எரிந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்து நாம் வெட்கினோம்.

சிலியில் இன்றும் தீயணைப்போர் அனைவரும் தொண்டர்களே. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அவர்களுள் ஒருவருக்கும் தீயணைப்பதற்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாதது மட்டுமன்று. உறுப்பினராக இருப்பதற்கு அவர்களே மாதச் சந்தா கட்டுகின்றனர். வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவர் பலர் நிலையத்திலேயே இரவில் உறங்கி, மணி அடித்தால் எழுந்து ஓடுகின்றனர். மருத்துவரும், வங்கி அலுவலரும், தச்சரும் ஒரே ஏணியில் ஏறுகின்றனர்.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் தீயணைக்கும் படை 1908இல் தொடங்கியது. அது சம்பளப் படை. மக்கள் தொண்டராகப் பங்குகொண்டது போர் வந்தபோதுதான். 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானியர் கொழும்பின்மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாமீதும் குண்டு வீசினர். சென்னை நடுங்கியது. மூட்டை முடிச்சோடு மக்கள் உள்நாட்டுக்கு ஓடினர். அரசாங்க அலுவலகங்களும் ஓடின. எஞ்சியிருந்தோரைக் காக்க ஏ.ஆர்.பி. தொண்டர்கள் தெருத்தெருவாக விளக்கை அணைக்கச் சொல்லிச் சென்றனர். மணல் மூட்டையும் கைப்பம்பும் கொண்டு தீக்குண்டை அணைக்கப் பழகினர். தீயணைப்பைக் குடிமக்களுக்கு முறையாகக் கற்பித்தது அக்காலமே. போர் முடிந்ததும் அதுவும் முடிந்தது.

அப்போரின்போது நேர்ந்த பெருங்கேடு 1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் நிகழ்ந்தது. போர்ட் ஸ்டிக்கின் என்னும் கப்பலில் பஞ்சுப் பொதிகளும், சுமார் 1,400 டன் வெடிமருந்தும் இருந்தன. பஞ்சில் பற்றிய தீயை அணைக்கக் கப்பலில் ஏறிய தீயணைப்போர், அது வெடிக்கும் என்பதை அறிந்தும் இறங்கவில்லை. வெடித்தது. அறுபத்தாறு தீயணைப்போர் மாண்டனர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் நாடெங்கும் தீயணைப்பு வாரமாகக் கொண்டாடப்படுவது அவர்கள் நினைவாகவே. நம் நாட்டில் அந்நாள் சித்திரைப் புத்தாண்டுடன் சேர்ந்து வருவதால் நாம் அதைக் கவனிப்பதில்லை.

1946 டிசம்பரில் பம்பாயில் கலகங்களிடையே ஊர்க்காவல் படை தோன்றியது. 1957இல் நாகபுரியில் இடர்நீக்கப் பயிற்சிக்கென மைய அரசு ஒரு நிலையம் அமைத்தது. அதுவே இன்றைய தேசியக் குடிமைப் பாதுகாப்புக் கல்லூரி. 1962இல் சீனப் போர் வந்ததும் ஊர்க்காவல் படை மாநிலங்கள்தோறும் விரிந்தது. 1968இல் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அமைந்த பன்னிரண்டு பிரிவுகளுள் தீயணைப்பு ஒன்று, மீட்பு ஒன்று. ஆயினும் இவை யாவும் போரை எண்ணிப் பிறந்தவை. போர் வரும்போது உயிர்பெற்று, அமைதி வந்ததும் உறங்கிவிடும் இயல்பின. வெள்ளமும் தீயும் நிலநடுக்கமும் போருக்காகக் காத்திருப்பதில்லையே! பேரிடர்ப் பணியையும் சேர்த்து அச்சட்டம் திருத்தப்படுவதற்கு நாற்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. சிலி மக்கள் பன்னிரண்டு நாளில் செய்ததை எண்ணும்போது, குறை சட்டத்தில் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. சட்டம் வருமுன்பே கூடியவர்கள் அவர்கள்; சட்டம் வந்தபின்னும் கூடாதவர்கள் நாம்.

இவ்வாறு கூறுவதால் நம் மக்களுக்கு ஈரம் இல்லை என்பது பொருளன்று. 1981 பிப்ரவரி 7இல் பெங்களூரில் சர்க்கஸ் கூடாரம் எரிந்து தொண்ணூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்ததை மூத்த அன்பர்கள் இன்னும் நாத்தழுதழுக்கக் கூறுவர். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளிக் கூரை எரிந்து 94 பிஞ்சுகள் கருகியதை நாம் யாரும் மறக்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னை நீரில் மூழ்கியபோது படகோட்டி வந்த இளைஞர்களும், 2018 ஆகஸ்டில் கேரளத்தில் தம் மீன்பிடிப் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்த மீனவர்களும் எந்தச் சட்டத்தையும் எதிர்பார்க்கவில்லை. அவ்வெள்ளத்திற்குப்பின் கேரள அரசு 2019இல் தீயணைப்பு நிலையம் ஒவ்வொன்றோடும் தொண்டர் குழுவை இணைத்தது. இது நம் நாட்டில் நல்ல முன்மாதிரி. 2016இல் மைய அரசு தொடங்கிய ஆபதா மித்ரா என்னும் திட்டத்தில் தொண்டர்க்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி அளிக்கப்பட்டது. வயது வரம்பு பதினெட்டு முதல் நாற்பது. நமக்கோ அவ்வரம்பு கடந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்குக் கடக்கவில்லை.

2023 ஜூன் 2ஆம் நாள் இரவு ஒடிசாவில் பஹநாகா பஜார் நிலையத்தருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி விபத்துக்குள்ளானது. இருநூற்றுத் தொண்ணூறு அளவில் உயிர்கள் போயின. மீட்பு வண்டி வருமுன் வந்தவர் அப்பக்கத்துச் சிற்றூர் மக்கள். கைப்பேசி வெளிச்சத்தில் பெட்டிகளுக்குள் நுழைந்து மக்களை வெளியே கொணர்ந்தனர். அன்றிரவே மருத்துவமனைகளின் முன் குருதி கொடுக்க இளைஞர் வரிசை நின்றது. அவர்கள் மீட்ட பலரின் மொழி அவர்களுக்குத் தெரியாது.

ரயில்வேயில் பணிபுரிவோர் என்ற முறையில் இதைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரயில்வேயிலும் குடிமைப் பாதுகாப்புப் பிரிவு உண்டு. ஊழியர்களே அதில் தொண்டர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அப்பயிற்சிக்குச் சென்றோம். உண்மையைக் கூறின், அலுவலக மேசையிலிருந்து சில நாள் விடுதலை கிடைக்கும் என்றே சென்றோம். அங்குக் கற்றது, உதவி செய்யும் ஆர்வமே சில வேளை உயிருக்கு உலையாகும் என்பது. முதுகெலும்பு முறிந்தவரைக் கையையும் காலையும் பிடித்து இழுத்தால் பிழைக்க வேண்டியவர் முடமாவார். மின்சாரத் தீயில் நீர் ஊற்றுபவர் தாமே வீழ்வார். புகை நிறைந்த அறையில் நிமிர்ந்து நடப்பவர் மூச்சடைத்து விழுவார். தரையோடு தவழ்பவர் பிழைப்பார். இரண்டு மூங்கிற் கம்பும் ஒரு கம்பளியும் இருந்தால் தூக்குக்கட்டில் ஆயத்தம். இவற்றைக் கற்க மெட்ரிக்குலேஷன் படிப்புகூட வேண்டுவதில்லை.

சென்ற ஆண்டு நம் காலனியில் ஒரு வீட்டு அடுக்களையில் எண்ணெய்ச் சட்டி பற்றி எரிந்தது. பதற்றத்தில் நம் அன்பர் ஒருவர் குடத்து நீரைத் தூக்கினார். அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார் ‘பேடா, பேடா’ என்று கூவி ஓடிவந்து, அவரைத் தள்ளிவிட்டு, அடுப்பை நிறுத்தி, ஒரு பெரிய தட்டால் சட்டியை மூடினார். தீ அணைந்தது. எரியும் எண்ணெயில் நீர் பட்டால் அனல் கூரை வரை எழும்பியிருக்கும். அந்த அம்மையார்க்கு அதை யார் கற்பித்தது என்று பின்னர் கேட்டோம். அவர் மகன் பள்ளியில் நடந்த ஒத்திகையில் பார்த்ததாம். அன்று யாரோ அழைத்துவிட்ட தீயணைப்பு வண்டியும் வந்தது. ஆனால் நம் தெருமுனையைத் தாண்ட முடியவில்லை. இருமருங்கும் நின்ற கார்களும் ஸ்கூட்டர்களும் வழியை அடைத்திருந்தன. அவற்றுள் ஒன்று நம்முடையது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

இவற்றையெல்லாம் எண்ணியே, காலனிக்கென ஒரு தொண்டர் படை வேண்டும் என்று சங்கத்தின் செயற்குழுவில் ஒரு தீர்மானம் கொணர்ந்தோம். நாம் வந்தேறிகள், ஊர்க் காரியத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும், ஏதேனும் தவறு நேர்ந்தால் பழி நம்மேல் வரும் என்று ஓர் அன்பர் எதிர்த்தார். அவர் அச்சம் பொருளற்றதன்று. இந்நகரில் நம்மவர் அஞ்சிய காலங்கள் இருந்ததை அவரும் அறிவார், நாமும் அறிவோம். அவர்க்கு விடையாக நாம் வால்பரைசோ நகரத்துக் கதையையும் ரோமானியச் சட்டத்தையும் கூறினோம். அவர் முழுவதும் இணங்கினார் என்று சொல்ல முடியாது. எனினும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களிக்கவில்லை. பெயரைப் பற்றியும் சிறிது வாதம் நடந்தது. ‘தமிழர் படை’ என வேண்டாம், ‘காலனித் தொண்டர் படை’ என இருக்கட்டும், கன்னட, மலையாள, தெலுங்கு அன்பர்களையும் அழைப்போம் என முடிவாயிற்று. மகளிரும் சேர வேண்டும் என்பதை, எண்ணெய்ச் சட்டிக் கதைக்குப் பிறகு, யாரும் மறுக்கவில்லை.

முதற்கண் இருபது பேர் போதும். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பயிற்சி அளிக்க வருமாறு தீயணைப்புத் துறையாருக்கும் குடிமைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் சங்கத்தின் பெயரால் கன்னடத்தில் விண்ணப்பம் எழுதப்பட்டுள்ளது. அதனைத் திருத்திக் கொடுத்தவர் மேற்சொன்ன அம்மையாரின் மகனே. ஆறு வாளி, இரண்டு கயிறு, ஓர் ஏணி, நான்கு கம்பளி, ஒரு முதலுதவிப் பெட்டி, இரண்டு தீயணைப்பு உருளை ஆகியவற்றுக்கு விலை விசாரித்து வருகிறோம். தெருமுனையில் வண்டி நிறுத்தாதிருக்க மஞ்சட் கோடு போடுவது அடுத்த ஞாயிறு.

பெயர் கொடுக்க விரும்புவோர்க்கான தாள், விழாப் பந்தலின் வாயிலில் சந்தாப் புத்தகத்தின் அருகே வைக்கப்பட்டிருக்கும். இம்மலர் அச்சுக்குப் போகும் இந்நாளில் அதில் எழுதப்பட்ட பெயர்கள் ஒன்பது.